ஸ்க்ரோல் சாவில் முப்பரிமாண மர உருவங்கள்: முழுமையான வழிகாட்டி

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரம் என்றதும் பலருக்கும் பலகையில் பெயர் வெட்டுவதும் பூவேலைச் சட்டம் செய்வதும்தான் நினைவுக்கு வரும். அதே இயந்திரத்தில், ஒரு சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களை மட்டும் வெட்டி, சதுரங்கக் காய், மான், பறவை, பூச்சாடி என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் வடிவம் தெரிகிற உருவங்களை எடுக்கலாம். உளியோ கடைசல் இயந்திரமோ தேவையில்லை. வளைந்த நாற்காலிக் கால்களை பேண்ட் சாவில் (பட்டை பிளேடு சுழலும் பெரிய அறுவை இயந்திரம்) அறுக்கும் தச்சர்கள் கையாள்வதும் இதே உத்திதான். இங்கே அது சிறிய அளவில், நுணுக்கமாக நடக்கிறது. இதை இரட்டை வெட்டு என்று சொல்வோம்.

இந்த வேலை சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கட்டையின் மூலை, பிளேடு, மேசை மூன்றும் செங்கோணத்தில் இருந்தால் புதிதாகப் பழகுபவரின் சற்றுத் தடுமாறிய கோடுகூட நல்ல உருவமாகிவிடும். அவை கோணலாக இருந்தால் எவ்வளவு பழகிய கையும் உதவாது. அதனால்தான் தயாரிப்புப் பகுதி கீழே நீளமாக இருக்கிறது. அவசரமாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

உருவம் எப்படிப் பிறக்கிறது

கட்டையின் ஒரு முகத்தில் உருவத்தின் முன்தோற்றம், அதை ஒட்டிய முகத்தில் பக்கத்தோற்றம். முதல் முகத்தின் கோட்டில் வெட்டியதும் உருவமும் அதைச் சுற்றியிருந்த மரமும் தனித்தனியாகிவிடும். சுற்றியிருந்த அந்த மரத்தைத் தூக்கிப் போடக்கூடாது. எல்லாத் துண்டுகளையும் பழையபடி சேர்த்து டேப் சுற்றி மறுபடி முழுக் கட்டையாக்க வேண்டும். பிறகு கட்டையை 90 டிகிரி திருப்பி இரண்டாம் முகத்தை வெட்ட வேண்டும். டேப்பைப் பிரித்தால் உள்ளே உருவம் இருக்கும்.

முதல் வெட்டில் கழிந்த துண்டுகள்தான் இரண்டாம் வெட்டின்போது உருவத்தைத் தாங்கும் தொட்டில். அவை இல்லாவிட்டால் மேசைமேல் கட்டை தட்டையாக உட்காராது, இரண்டாம் முகத்தின் கோடும் காணாமல் போய்விடும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இப்படி எடுத்த உருவத்தை எந்த உயரத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோதான் இருக்கும். சதுரங்கச் சிப்பாயின் தலை முன்னாலிருந்து வட்டம், பக்கத்திலிருந்தும் வட்டம். மேலிருந்து பார்த்தால் சதுரம்! அந்த நான்கு மூலைகளும் இந்த முறையின் அடையாளம். எனக்கு அந்த விளிம்புகள் பிடிக்கும், அப்படியே விட்டுவிடுவேன். உருண்டையாக வேண்டுமென்றால் பிற்பாடு கத்தியாலும் உப்புத்தாளாலும் மழுக்கிக்கொள்ளலாம்.

கட்டை

முதல் வேலைக்கு 30 மி.மீ. சதுரமும் 70 மி.மீ. நீளமும் உள்ள கட்டை போதும். பெரும்பாலான ஸ்க்ரோல் சாக்களில் 50 மி.மீ. வரை கனமுள்ள மரம் நுழையும். ஆனாலும் அந்த எல்லைவரை உடனே போகவேண்டாம். காரணம் இருக்கிறது. பிளேடு மேலும் கீழும் போகும் தூரம் ஏறக்குறைய 18 முதல் 20 மி.மீ.தான். கட்டை 50 மி.மீ. கனமாக இருந்தால், நடுவிலுள்ள பற்கள் மரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. தூள் உள்ளேயே அடைந்து சூடேறும், மரம் கருகும், பிளேடு வளையும். 30 மி.மீ. கட்டையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மரம் மென்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கட்டும். பைன், பாஸ்வுட், பாப்லர், குமிழ் போன்றவை பழகுவதற்கு ஏற்றவை. பைனில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதன் வளையங்களில் ஒன்று மெத்தென்றும் அடுத்தது கெட்டியாகவும் இருப்பதால் பிளேடு கெட்டியான வளையத்தை ஒட்டியே வழுக்கப் பார்க்கும். தேக்கு அழகாக வரும், ஆனால் பிளேடின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கணு உள்ள கட்டை வேண்டவே வேண்டாம். ஈரம் காயாத கட்டையும் அப்படித்தான். வெட்ட வெட்ட, வெட்டுத்தடம் (பிளேடு விட்டுச்செல்லும் மெல்லிய இடைவெளி) மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும்.

மர ரேகை உருவத்தின் மெலிந்த பகுதியோடு ஒரே திசையில் ஓட வேண்டும். மானின் கால்களும் கொம்பும் மேல்நோக்கி இருப்பதால் ரேகையும் மேல்நோக்கி. நீண்ட அலகுள்ள பறவை என்றால் ரேகை அலகின் நீளவாக்கில். குறுக்கே ஓடினால் டேப்பைப் பிரிக்கும்போதே கால் கையோடு வந்துவிடும்.

இனி முக்கியமான சங்கதி. கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் துல்லியமான செங்கோணத்தில் இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் இழைப்புளியாலோ, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளிலோ சரிசெய்யுங்கள். எதிரெதிர் முகங்கள் இணையாக இருக்கின்றனவா என்று வெர்னியர் அளவுகோல் வைத்து இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். 0.2 மி.மீ. வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மூலை விளிம்பை மட்டும் உப்புத்தாளால் மழுக்கிவிடாதீர்கள். வரைபடத்தின் மடிப்பு அந்தக் கூர்விளிம்பில்தான் உட்காரப் போகிறது.

கட்டையின் கீழ்முனையும் நேராக அறுபட்டிருக்க வேண்டும். சிப்பாயின் அடிப்பாகம் அந்த முனைதான். அது கோணலானால் காயும் சாய்ந்துதான் நிற்கும்.

பிளேடு

வழக்கமான பிளேடு 5 அங்குல நீளம். முனையில் குறுக்கே ஊசி உள்ளது, ஊசி இல்லாதது என இரண்டு வகை. உங்கள் இயந்திரம் இரண்டையும் ஏற்குமானால் ஊசி இல்லாததையே வாங்குங்கள். எண்களும் பல்லமைப்புகளும் அதில்தான் நிறைய, உள்வெட்டுக்கு, அதாவது துளைவழியே பிளேடை நுழைத்து உட்புறத்தை வெட்ட, சின்னத் துளையே போதும்.

மென்மரத்தில் 30 மி.மீ. கட்டைக்கு 5ஆம் எண் போதுமானது. கெட்டியான மரத்துக்கோ 40 மி.மீ.க்கு மேலோ 7 அல்லது 9. எண் கூடக்கூட பிளேடு அகலமாகும். வளையாமல் நிற்கும், ஆனால் நெருக்கமான திருப்பத்தில் திரும்பாது. ஒரு பல் விட்டு ஒரு பல் அமைந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். பற்களுக்கு நடுவே இடம் இருந்தால்தான் கனமான கட்டையிலிருந்து தூள் வெளியேறும். சில பிளேடுகளில் கீழ்முனைப் பற்கள் சில தலைகீழாக இருக்கும், அடிப்பக்கம் சிலும்பு எழாமலிருக்க. அதை மாட்டும்போது பிளேடு உச்சிக்கு வரும் நேரத்தில் இரண்டு மூன்று தலைகீழ்ப் பற்கள் மட்டுமே மேசைக்கு மேல் தெரியவேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் அவை கட்டையைத் தூக்கியடிக்கும்.

இறுக்கம் தாராளமாக இருக்கட்டும். விரலால் சுண்டினால் தெளிவான உயர்ந்த ஒலி வரவேண்டும். பக்கவாட்டில் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது. தளர்ந்த பிளேடுதான் இரட்டை வெட்டைக் கெடுக்கும் முதல் குற்றவாளி.

இன்னொன்று: சாதாரண பிளேடுகளை அழுத்தி வெட்டித் தயாரிக்கும்போது ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுவதால் கோடு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கட்டையைச் சில டிகிரி சாய்வாகத் தள்ளினால் நேராகப் போகும். பத்து நிமிடம் ஒரு கழிவுப் பலகையில் ஓட்டினால் எவ்வளவு சாய்க்கவேண்டும் என்பது கைக்குப் பழகிவிடும்.

மேசையைச் செங்கோணத்தில் நிறுத்துதல்

இயந்திரத்தின் அடியிலுள்ள கோண அளவுகோல் 0 காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தோராயம்தான். ஒரு டிகிரி தவறினால் 50 மி.மீ. கட்டையின் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடையே 0.87 மி.மீ. விலகல் வரும். மானின் கால் மொத்தமே 4 மி.மீ. இருக்கும்போது இது பெரிய தொகை.

சின்ன மூலைமட்டத்தை மேசைமேல் வைத்து, இறுக்கிய பிளேடின் பக்கவாட்டில் ஒட்டிப் பாருங்கள். அதன்பின் இந்தச் சோதனையையும் செய்யுங்கள். 40 மி.மீ. கனமுள்ள கழிவுக் கட்டையின் ஓரத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல் வெட்டுங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கட்டையைத் தலைகீழாக்காமல் பிளேடின் பின்புறத்துக்குக் கொண்டுபோய், கீறல் பிளேடின் முதுகைப் பார்க்கும்படி திருப்புங்கள். பிளேடு மேலிருந்து கீழ்வரை கீறலுக்குள் அப்படியே உட்கார்ந்தால் மேசை நேர். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை விலகி நின்றால் அந்த விலகலில் பாதிதான் உண்மையான பிழை. அதைத் திருத்தி மீண்டும் பாருங்கள். பிளேடு மாற்றும்போதெல்லாம் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வரைபடத்தை ஒட்டுதல்

முதல் உருவத்துக்குச் சிப்பாயைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இரண்டு முகத்துக்கும் ஒரே கோடு. தாளின் நடுவில் ஒரு நேர்கோடு போடுங்கள், அதுதான் மடிப்பு. மடிப்பின் இருபுறமும் 30 மி.மீ. அகலப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் 50 மி.மீ. உயரச் சிப்பாய்: அடிப்பாகம் 26 மி.மீ. அகலம், கழுத்து 9 மி.மீ., அதன்மேல் 15 மி.மீ.க்கு ஒரு மெல்லிய வளையம், தலை 17 மி.மீ. வட்டம். அடிக்கோடு பட்டையின் கீழ் விளிம்போடு ஒன்றியிருக்கட்டும். அப்போது தலைக்கு மேல் 20 மி.மீ. மரம் மிஞ்சும், கை பிடிக்க அது வேண்டும்.

அச்செடுத்திருந்தால் அளவு மாறவில்லை என்பதை ஸ்கேல் வைத்து உறுதிசெய்யுங்கள். தாளை இரும்பு ஸ்கேலின் விளிம்பில் வைத்துக் கூர்மையாக மடியுங்கள். மடிப்பைக் கட்டையின் மூலை விளிம்பில் சரியாகப் பொருத்தி, ஒரு முகத்தை ஒட்டி அழுத்தியபின் அடுத்த முகத்தை ஒட்டுங்கள். பசைக்குச்சியோ ஸ்ப்ரே பசையோ சாதாரண மரப்பசையோ எதுவானாலும் சரி. பிற்பாடு தாளை எப்படி உரிப்பது என்ற கவலை இங்கே இல்லை. தாள் ஒட்டிய முகங்கள் முழுவதும் கழிவோடு போய்விடும்.

தாளின்மேல் ஒளி ஊடுருவும் பார்சல் டேப்பைச் சுற்றுங்கள். தாளைக் காப்பதோடு, டேப் பிளேடுக்கு வழவழப்பும் கொடுக்கும். டேப் சுற்றிய மரம் கருகுவது கண்கூடாகக் குறைகிறது.

முதல் வெட்டு

கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த இயந்திரத்தில் வரும் தூள் மிக நைசானது, அதுதான் நுரையீரலுக்குக் கெடுதல். தொளதொளப்பான சட்டைக்கை வேண்டாம்.

வேகம் நடுத்தரம். கட்டையை இரு கைகளின் கட்டைவிரல், ஆட்காட்டி விரல்களால் பிடித்து மேசையோடு அழுத்துங்கள். பிளேடு மேலேறும்போது கட்டையைத் தூக்கப் பார்க்கும், அதனால் அழுத்தம் எப்போதும் கீழ்நோக்கியே அதிகம் இருக்கவேண்டும். அடிப்பாகத்தின் ஒரு மூலையில் உள்ளே நுழைந்து, மேலே ஏறி, தலையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கி, அடியின் அடுத்த மூலையில் வெளியே வாருங்கள். ஒரே ஓட்டம். கழிவு முழுவதும் தலைகீழ் 'ப' வடிவில் ஒரே கூடாக நிற்கும். துண்டுகள் எவ்வளவு குறைவோ, திரும்பச் சேர்ப்பது அவ்வளவு எளிது.

தள்ளும் வேகம்தான் இதில் உயிர்நாடி. நீங்கள் கட்டையைத் தள்ளக்கூடாது, பிளேடு தின்னும் வேகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். 30 மி.மீ. பைனில்கூட இது பலகை வெட்டும் வேகத்தைவிட வெகு மெதுவாகத்தான் இருக்கும். சத்தத்தைக் கவனியுங்கள். சீரான ஒலி கனத்து இறங்கினால் அழுத்திவிட்டீர்கள். சட்டென்று கையைத் தளர்த்துங்கள், வளைந்த பிளேடு நேராகும். அப்புறம் தொடருங்கள்.

கழுத்தும் வளையமும் சேரும் உள்மூலையில் வட்டமாகத் திரும்ப முடியாது. மூலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முன்னழுத்தத்தை விட்டு, கட்டையை மயிரிழை அளவு உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பிளேடின் முதுகில் பல் இல்லை, அதனால் அங்கே வெட்டு விழாது. அந்த நிலையில் நின்ற இடத்திலேயே கட்டையைத் திருப்பி, புதிய திசையில் நகருங்கள். இதைக் கழிவுக் கட்டையில் பழகிவிட்டு வருவது நல்லது. எல்லா உருவங்களிலும் அழகைத் தீர்மானிப்பது இந்த மூலைகள்தான்.

பிளேடு அறுந்தால் பதறாமல் கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். அறுந்த மேல்துண்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

மானின் கால்களுக்கு இடையே உள்ள வெளி, ஜாடியின் கைப்பிடித் துளை போன்றவை இருந்தால், வெளிக்கோட்டுக்கு முன்பே அவற்றை முடித்துவிடுங்கள். கட்டை முழுதாக இருக்கும்போதுதான் டிரில் நேராக இறங்கும். அந்த உள்துண்டுகளையும் எறியாமல் திருப்பி அடைத்துவிடுங்கள்.

இரண்டாம் வெட்டு

கூட்டிலிருந்து சிப்பாயை வெளியே தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நழுவி வந்தால் வெட்டு நேராக விழுந்திருக்கிறது. திரும்ப உள்ளே வையுங்கள். தூளை ஊதிவிடுங்கள், இடுக்கில் தூள் நின்றால் கட்டை தடித்துவிடும்.

5ஆம் எண் பிளேடு ஏறக்குறைய அரை மி.மீ. தடத்தை விட்டிருக்கும். இரு பக்கத்தையும் விரலால் லேசாக நெருக்கி, கட்டையை மேசையில் நிமிர்த்தி நிறுத்தி, சிப்பாயின் அடியும் கூட்டின் கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சின்னச் சரிபார்ப்பைத் தவறவிட்டால் இரண்டு தோற்றங்களிலும் கழுத்து வெவ்வேறு உயரத்தில் விழும். பிறகு டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். அசுரத்தனமாக நெருக்கவேண்டாம், தடம் முழுதாக மூடினால் கட்டை ஒல்லியாகிக் கோணலாக உட்காரும். டேப் அடிப்புறத்தில் சுருங்கி மடிந்திருந்தாலும் இதே பிரச்சினை, தட்டையாகத் தேய்த்துவிடுங்கள்.

சின்னக் கட்டையை விரலால் பிடிக்கப் பயமாக இருந்தால் ஒரு பிடிப்பான் செய்துகொள்ளுங்கள். 20 மி.மீ. சதுரமும் 200 மி.மீ. நீளமும் உள்ள இரண்டு மரச்சட்டங்கள், இரு முனையிலும் துளையிட்டு நீள போல்ட், கையால் முறுக்கும் நட்டு. கட்டையைச் சட்டங்களுக்கு நடுவே வைத்து முறுக்கினால் துண்டுகளும் சேர்ந்திருக்கும், கைகளும் பிளேடிலிருந்து விலகியிருக்கும். ஒருமுறை செய்துவைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கட்டையைத் திருப்பி இரண்டாம் முகத்தைப் பழையபடி வெட்டுங்கள். வெட்டு முடியும் இடத்தில் மட்டும் இன்னும் மெதுவாக. உள்ளே உருவம் இப்போது தாங்கலின்றி இருக்கிறது. முடிந்ததும் டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்து, கழிவை ஒவ்வொன்றாக விலக்குங்கள். மெலிந்த கால்களோ கொம்போ இருந்தால் கழிவை இழுக்காமல், வெட்டிய திசையிலேயே நழுவவிடுங்கள்.

உருவம் வெளியே வரவில்லையா?

இதைப் படித்தறிவது ஒரு கலை. கூட்டிலிருந்து உருவம் ஒரு பக்கமாக மட்டும் வருகிறது, மறுபக்கம் இறுகுகிறது என்றால் மேசை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பிளேடால் சுற்றிவந்த துண்டு ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் அமைந்துவிடும். மேசையைத் திருத்துங்கள். இரண்டு பக்கமும் வர மறுத்தால் பிளேடு நடுவில் வயிறுபோல வளைந்து வெட்டியிருக்கிறது. காரணம் அதிக அழுத்தம், தளர்ந்த பிளேடு, அல்லது மழுங்கிய பற்கள். மூன்றில் மழுங்கிய பற்களைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதலில் தானாகப் போன கட்டையை இப்போது தள்ளவேண்டியிருக்கிறது என்று தோன்றிய கணமே பிளேடை மாற்றிவிடுங்கள். ஒரு பிளேடை மிச்சம் பிடிக்கப்போய்க் கட்டையை இழப்பதில் லாபமில்லை.

சொந்த வரைபடம்

விதி ஒன்றுதான். இரண்டு தோற்றங்களிலும் ஒவ்வொரு உறுப்பும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். மடிப்புக்கோட்டுக்குக் குறுக்கே இரண்டு முகங்களுக்கும் பொதுவாக மெல்லிய கிடைக்கோடுகள் போட்டு, காது நுனி, கழுத்து, வயிறு, முழங்கால் என்று உயரங்களைக் குறியுங்கள். பிறகு அவற்றுக்குள் வரையுங்கள்.

குதிரைக் காயை எடுத்துக்கொள்வோம். பக்கத்தோற்றத்தில் மூக்கும் பிடரியும் தெரியும். முன்தோற்றத்தில் இரு காதுகளும் ஒடுங்கும் முகமும் மட்டும். முன்தோற்றத்தில் காதுகளுக்கு இடையே ஒரு 'வி' பள்ளம் போட்டால் அது முன்னிருந்து பின்னாக, அந்த உயரத்தில் உள்ள எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும். அதே உயரத்தில் பிடரி நீட்டிக்கொண்டிருந்தால் பிடரியும் இரண்டாகப் பிளக்கும். புதிதாக வரைபவர்கள் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். இதைத் தவிர்க்கப் பிடரியைக் காதுக்குக் கீழே இறக்கிவிடவேண்டும். ஒவ்வொரு கோட்டையும் போடும்போது, இது மறுமுகத்தில் எதைத் தொடும் என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள்.

எந்த முகத்தை முதலில் வெட்டுவது? கோடு எளிமையாக உள்ள முகத்தை. அப்போதுதான் துண்டுகள் குறைவாக விழுந்து கட்டை உறுதியாக மீண்டும் சேரும்.

மேசையைச் சாய்த்தால்

இதுவரை பிழையாக இருந்த சாய்வையே கருவியாக்கிக்கொள்ளலாம். முதலில் சின்னச் சோதனை. 19 மி.மீ. பலகையில் மேசையை 3 டிகிரி சாய்த்து ஒரு வட்டத்தை முழுவதுமாக வெட்டுங்கள். உள்துண்டு ஒரு பக்கமாக நழுவி, பாதி வழியில் இறுகி நிற்கும். அரை மி.மீ. வெட்டுத்தடத்துக்கு 3 டிகிரியில் ஏறக்குறைய 9.5 மி.மீ. எழும்பும், 5 டிகிரியில் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இறுகிய இடத்தில் பசை வைத்தால் பெட்டி மூடியில் எழும்பி நிற்கும் எழுத்தோ இலையோ தயார்.

சாய்வை இன்னும் கூட்டினால், ஒரே தட்டைப் பலகையிலிருந்து ஆழமான கிண்ணம் எடுக்கலாம். பலகையை ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களாகச் சாய்வாக வெட்டி, பெரியது மேலே சிறியது கீழே என அடுக்கி ஒட்டினால் சுவர் எழும்பிவிடும். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த, பலகைக் கனத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் வளைய அகலம் வரவேண்டும், வெட்டுத்தடத்தையும் சேர்த்து. 19 மி.மீ. பலகைக்கு 20 டிகிரியில் அது 6.9 மி.மீ., 25 டிகிரியில் 8.9 மி.மீ. தொடக்கத்துக்கு 25 டிகிரியும் 8 மி.மீ. வளையமும் நல்ல சேர்க்கை. மிச்சமுள்ள மில்லிமீட்டர் தடத்துக்கும் கைப்பிழைக்கும் போய்விடும். 200 மி.மீ. வட்டப் பலகையில் நான்கு வளையமும் ஓர் அடித்தட்டும் எடுத்தால் ஏறக்குறைய 95 மி.மீ. உயரம் கிடைக்கும்.

திசையில் குழப்பம் வேண்டாம். மேசையின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தால், வட்டத்தின் உள்பகுதி எப்போதும் பிளேடின் இடப்பக்கமே, அதாவது தாழ்ந்த பக்கமே, இருக்கவேண்டும். அப்போதுதான் உள்துண்டு அடியில் சிறுத்து வரும். திசை மாறினால் வளையம் தலைகீழாக விரியும், அடுக்கவே முடியாது. எல்லாக் கோட்டையும் ஒரே திசையிலேயே வெட்டுங்கள்.

வெளிவட்டத்தை ஓரத்திலிருந்து நேராக நுழைந்து வெட்டலாம். உள்வளையங்களுக்குத் துளை வேண்டும், அந்தத் துளையும் அதே 25 டிகிரி சாய்வில், கீழே போகப்போக மையத்தை நோக்கி இறங்கவேண்டும். அதே மேசையில் 25 டிகிரி ஆப்பு ஒன்று வெட்டி, பிட்டை அதன்மேல் சாய்த்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 9ஆம் எண் பிளேடுக்கு 2 மி.மீ. பிட்டு போதும். சாய்வாக வெட்டும்போது வளையாமல் நிற்க இங்கே இந்த அகலமான பிளேடே நல்லது.

வெட்டும் முன் எல்லா வளையத்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். அடுக்கும்போது அந்தக் கோட்டை நேராக வைத்தால் ரேகை ஒரே திசையில் ஓடும், மரம் சுருங்கி விரியும்போது ஒட்டுகள் பிளக்காது. இங்கே தாள் வளையத்தின்மேலேயே நின்றுவிடும். எனவே முதலில் எளிதில் உரியும் மாஸ்கிங் டேப், அதன்மேல் வரைபடம் என ஒட்டினால் உரிப்பது சுலபம். ஒட்டும் முகங்களைத் தட்டையான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு, மெல்லிய பசையிட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போடுங்கள். வழிந்த பசையை உட்புறம் உடனே துடைத்துவிடுங்கள்.

அடித்தட்டை அப்போதே ஒட்டிவிடாதீர்கள். அது இல்லாத கிண்ணம் இரண்டு பக்கமும் திறந்த குழாய், உள்ளே கை தாராளமாகப் போய்வரும். உட்சுவரை 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என்று முடித்தபின் அடித்தட்டை ஒட்டி, கடைசியாக வெளிப்புறத்தைத் தேயுங்கள்.

பூச்சு

இரட்டை வெட்டு உருவங்களுக்கு நல்ல பிளேடு விட்ட முகமே போதுமான வழவழப்போடு இருக்கும். 220ஆம் எண் தாளால் சிலும்பை மட்டும் எடுங்கள். அதிகம் தேய்த்தால் அந்தக் கூர்விளிம்புகள் போய்விடும். இடுக்குகள் நிறைய இருப்பதால் பிரஷ் பூச்சு அங்கங்கே தேங்கும். ஆளி எண்ணெயில் முக்கியெடுத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுப்பதே சுத்தம். கிண்ணத்துக்கும் எண்ணெய் போதும், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியில், கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள்.